நடுவில் நின்றுவிடும் போன்

“புது போனை நீ வச்சுக்கிட்டு, உன் பழசை அம்மா கையில குடுத்திருக்கே. அதானே?”

அண்ணன் போனில் இப்படிக் கேட்டதும் தங்கை பேச்சை மாற்றப் பார்த்தாள். அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி பட்டது அவனுக்கு.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வெளியூரில் புதுக் கம்பெனி, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அங்கே வாங்கிய முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு அனுப்பியதுதான் அந்த போன். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாம் என்று ஆசை.

அந்த ஆசையில்தான் மண் விழுந்தது. அம்மா நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பாள். சாப்பிட்டியா, தூங்கினியா, வேலையை நிரந்தரம் பண்ணிட்டாங்களா என்று வரிசையாகக் கேட்பாள். திடீரென்று படம் நின்றுவிடும். சிரித்த வாய் சிரித்தபடி, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி அப்படியே இருப்பாள். இவன் “ஹலோ, ஹலோ, அம்மா கேக்குதா?” என்று தொண்டை வறளக் கத்துவான். கொஞ்ச நேரத்தில் லைன் கட்டாகும். பின்னாலேயே தங்கையிடமிருந்து தகவல் வரும், போன் ஹேங் ஆகிவிட்டது என்று.

நின்று போன லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவனுக்கு ஒரு போனை ஓட வைக்கத் தெரியவில்லையே என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள். அவனும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அணைத்துப் போடு, வேண்டாத படங்களை அழி, ஜன்னல் பக்கம் உட்கார வை. எல்லாவற்றுக்கும் தங்கை சரிண்ணா, சரிண்ணா என்றாள். போன் நின்றுகொண்டேதான் இருந்தது.

கடையில் காட்டச் சொன்னால் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அவன் விடவில்லை. ஒருவழியாக எடுத்துக்கொண்டு போனாள். கடைக்காரரிடம் இவனே பேசினான். காலையிலிருந்து ஓட்டிப் பார்த்தேன், ஒரு தரம்கூட நிற்கவில்லை என்றார் அவர்.

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. கடையில் புதுசைக் காட்டியிருக்கிறாள். வீட்டில் அம்மா கையில் இருப்பது வேறு.

“அம்மாவைப் பாத்துக்கறேன்னு பேரு. அவங்க போனைக்கூட விட்டுவைக்க மனசு வரலையா உனக்கு?”

“அப்படியே வச்சுக்கோண்ணா,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம், ஒரு கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டான்.

“பாப்பாவை ஏன்டா திட்டினே? அவ மேல ஒரு தப்பும் இல்லை,” என்று அம்மா ஆரம்பித்தாள். “அதை விடு, உன் வேலை என்ன...”

நின்றுவிட்டது.

கத்துவதற்கு வாயைத் திறந்தவன், ஏனோ கத்தவில்லை. லிஃப்ட் நின்றுவிட்டால் முதலில் லிஃப்டைப் பார்க்கமாட்டான் அவன். பக்கத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பான். எரிந்தால் கரண்ட் இருக்கிறது, கோளாறு வேறெங்கோ என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் அம்மாவை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருந்தது.

காது கொடுத்துக் கேட்டான். அங்கே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் இவன் போட்ட கூச்சலில் அது கேட்டதே இல்லை. அம்மாவின் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி கன்னம் வழியாக இறங்கியது. சிரிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த வியர்வையை அவனுக்குத் தெரியும். போன வருஷம் வயிற்று வலி வந்தபோதும் அம்மாவுக்கு இப்படித்தான் வியர்த்தது. அதற்காகத்தான் பழைய வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்திலேயே கிடந்தான். அந்த வேலை போனது. என்னால உன் பொழப்பு போச்சே என்று அம்மா வலியைவிட அதற்குத்தான் அதிகம் அழுதாள். ஆபரேஷன் முடிந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

இவன் ஹலோ ஹலோ என்று கத்திய ஒவ்வொரு நாளும் அம்மா இப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

“மறுபடி நின்னுடுச்சும்மா,” என்றான், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. “நானே கட் பண்ணிடறேன்.”

அவன் விரல் படுவதற்குள், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கிச் சரிந்தாள். ஓரத்திலிருந்து தங்கையின் கை வந்து தாங்கிக்கொண்டது.

அறையைப் பூட்டி, சாவியை சூப்பர்வைசரிடம் கொடுத்தான். நிரந்தரம் பண்ணப்போகிற நேரத்தில் லீவு போட்டால் இந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவர் எச்சரித்தார். தெரியும் சார் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிக்கொண்டே தங்கையைக் கூப்பிட்டான்.

“மறுபடி ஹேங் ஆயிடுச்சுண்ணா,” என்று வழக்கம்போல ஆரம்பித்தாள் அவள்.

“ஜன்னல் திரை ஆடுச்சு பாப்பா.”

அவள் உடைந்து அழுதாள்.

“வாங்கின புதுசுல ஒருதரம் நிஜமாவே நின்னுச்சுண்ணா. அதைப் பாத்துத்தான் அம்மா கத்துக்கிட்டாங்க. உன் வேலை நிரந்தரமாகற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க.”

“நான் பேசினதை மனசுல வச்சுக்காதே,” என்றான். “நான் கிளம்பிட்டேன். இனிமே சிரிச்சுக்கிட்டே உக்கார வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லு.”