ஒரே குழியில் மூவர்

ஒடுகத்தூர் மலையடியில், வேர்க்கடலைக் கொல்லை நடுவே, ஆதிகாலத்து மனிதர்கள் வட்டமாக நட்ட பாறைகளுக்குள் அகழாய்வுக்காகக் குழி வெட்டியிருக்கிறார்கள். காலை வெயில் குழியின் பாதிவரைதான் இறங்கியிருக்கிறது. கூலிக்கு வந்த பூங்காவனம் உள்ளே குந்தி உட்கார்ந்து பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளுகிறாள். கற்பலகைகளுக்கு இடையே மூன்று மண்டையோடுகள் ஒன்றையொன்று உரசிக் கிடக்கின்றன. எந்தக் கை எலும்பு யாருடையது என்று பிரிக்க முடியாதபடி எல்லாம் கலந்திருக்கின்றன. "மூணு பேரையும் ஒண்ணாவா வச்சாங்க?" என்கிறாள். "ஒரே குடும்பமா இருக்கலாம்க்கா. ஒவ்வொருத்தர் சாவும்போதும் பலகையைத் தொறந்து பக்கத்துல வச்சிருப்பாங்க," என்கிறாள், அளவு நாடாவோடு மேலே நிற்கும் ஆய்வு மாணவி புஷ்ரா. பூங்காவனத்தின் கை நின்றுவிடுகிறது. போன மாதம் அவள் புருஷனைச் சொந்தக் கொல்லையில், அவருடைய மூத்த பெண்டாட்டியின் பக்கத்தில் புதைத்தார்கள். அவருக்கு மறுபக்கம் காலியாகத்தான் இருந்தது. பால் தெளித்த அன்றைக்கே மூத்தவளின் பிள்ளைகள் அங்கே ஒரு தென்னங்கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். "குடுத்து வச்சதுங்க," என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி குனிகிறாள். பிரஷ் சரசரக்கிறது. தூரத்தில் வேலூர் பஸ் ஹாரன் அடித்துப் போகிறது. நடுவில் இருக்கும் மண்டையோடு பளிச்சென்று ஆகிறது. வலப்பக்கத்து மண்டையோடு அதைவிடப் பளிச்சென்று ஆகிறது. இடப்பக்கத்து மண்டையோட்டின் பற்களில் மட்டும் செம்மண் அப்படியே அப்பியிருக்கிறது. "அத ஏன்க்கா வுட்டுட்டீங்க?" என்கிறாள் புஷ்ரா. பூங்காவனம் நிமிரவில்லை. "அவ மூத்தவ. இன்னும் கொஞ்ச நேரம் மண்ணு தின்னட்டும்."