எல்லைக்கு வராத தேனடைகள்

முதலில், கரடியார் கருமேகனார் அணிலின் ஆய்வைத் தன் பெயரில் அரசவைக்கு அனுப்பினார். அடுத்து, ஏன் என்று கேட்ட அணிலை மூலைக்கு மாற்றினார். மூன்றாவதாக, சரக்கை எண்ணும் எறும்பின் பிழைப்பிலேயே கைவைத்தார்.

பிற காடுகளுடனான வணிகத்தை ஆராயும் அரசுப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். நம் காடு அனுப்பியதாக எழுதும் தேனடைகளைவிட, பக்கத்துக் காடு பெற்றதாக எழுதுவது எப்போதும் குறைவு. ஏன் என்று அரசவை அறிக்கை கேட்டது.

“எறும்பு தப்பா எண்ணிட்டான்னு எழுது. அவனை வீட்டுக்கு அனுப்பிடலாம்” என்றார் அணிலிடம்.

“அண்ணே, நான் பிள்ளைக்குட்டிக்காரன். ஒரு புற்று நிறைய இருக்கு” என்று எறும்பு அணிலிடம் அழுதது.

பல போராட்டம் கண்ட அணில் வாலை உதறியது. சரக்கு எல்லைக்குப் போகுமுன் தலைவரின் அறையில் ‘தரம் பார்க்க’த் தங்குவது வழக்கம். பார்த்த கையை அவர் நக்கிக்கொண்டே வருவதும் வழக்கம்.

“அறிக்கையில யார் பேரைப் போடட்டும் ஐயா?” என்று தலைவரிடம் போய்க் கேட்டது.

“என் பேர் மட்டும்தான். வேற பேரைப் பார்த்தேன், தொலைச்சிடுவேன்.”

“உத்தரவுங்க.”

அரசவை கூடியது. அறிக்கையைப் பிரித்தும் பார்க்காத தலைவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். எல்லா விலங்குகளும் கேட்க, கிளி உரக்கப் படித்தது:

“கணக்கில் குறைந்த தேனடைகள், தரம் பார்க்கும் அறையில் தின்னப்பட்டன. தின்றவர், கரடியார் கருமேகனார்.”