மூன்றாவது அர்த்தம்

“இன்ஃப்யூஸ்னா என்ன அர்த்தம்னு தெரியுமா சிஸ்டர்?”

மருந்து ஏற்றும் ஹாலில் காலியாக இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் கிடந்தபடிதான் வாத்தியார் இதைக் கேட்டார்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வார்த்தையிலிருந்து பிறந்த ‘இன்ஃப்யூஷன்’ என்ற பெயரைத்தான் வாசல் கதவிலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஊசித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, “சொல்லுங்க சார்” என்றாள். இந்த ஹாலுக்குள் வந்ததும் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் சண்டைக்கு வருவார்கள். பாடம் எடுக்கிற ஆளை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வாத்தியாருக்கு இங்கிலீஷ் வினைச்சொல் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே ‘வெர்ப்’. அது அவருக்கும் தெரியும், உள்ளூரச் சந்தோஷம்தான். டாக்டர் சீட்டில் அந்த வார்த்தையை எழுதிக் கொடுத்த அன்றைக்கு மற்றவர்களாக இருந்தால் அடுத்த டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். இவர் அகராதியிடம் ஓடினார்.

“மொத அர்த்தம், ஊற விடுறது. கொதிக்கிற தண்ணில தேயிலையப் போட்டுட்டு நாம சும்மா இருக்கணும். கலக்கக் கூடாது, பிழியக் கூடாது, சாறு தானா இறங்கும். ரெண்டாவது, மனசுல ஏத்துறது. தைரியம், நம்பிக்கை, தெம்பு... தோத்துக்கிட்டு இருக்கிற டீமுக்குள்ள கேப்டன் ஏத்துறான்ல, அது. அப்ப பின்னாலயே ‘வித்’ வரும், மறந்துடக் கூடாது.”

“மூணாவதை நான் சொல்லட்டா சார்? நரம்பு வழியா சொட்டுச் சொட்டா மருந்த ஏத்துறது. அதானே?”

வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார். மேலே கம்பியில் மருந்துப் பை தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது அர்த்தத்தை அவர் வகுப்பில் ஒருநாளும் விளக்கியதில்லை. அரை வரியில் சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்குத் தாவிவிடுவார். பள்ளிக்கூடத்தையே அதட்டி நிறுத்துகிற குரல்தான். ஆனால் ஊசி என்று வந்துவிட்டால் ஆள் சரியான தொடைநடுங்கி.

அதற்காக விட்டுவிட முடியுமா? டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இரத்தத்தில் கோளாறு. நாலைந்து தடவை மருந்து ஏறினால் குணமாகிவிடும். தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் அப்புறம் யார் கையிலும் இல்லை. போன வாரமே ஏறியிருக்க வேண்டியது. வாத்தியார் இதே ஹாலில் தலைசுற்றி விழுந்து, நாலு பேர் தூக்கி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, ஒரே அமளி. ஒரு சொட்டுகூட ஏறாமல் வீடு திரும்பினார்கள்.

இன்றைக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது. அந்தப் பயத்தில்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் மனைவி நின்றாள், கார் சாவியை விரலில் சுழற்றியபடி. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். லாரிக்கு நேராகக் காரை விடுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காலம் தள்ளியவள், எதற்கும் அசர மாட்டாள். காலையில் வாத்தியாரை எழுப்பி, சட்டைப் பொத்தானைச் சரியாக மாற்றிப் போட்டுவிட்டு, காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தவளும் அவள்தான். வழியெல்லாம் கேலி வேறு.

“ஏங்க, மூச்ச மெதுவா விடுங்க. கிளட்ச் விடுற மாதிரி. டக்குனு விட்டா ஆஃப் ஆயிடுவீங்க.”

அடுத்த நாற்காலியில் மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒருவர் களுக்கென்று சிரித்தார். வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை.

“ரொம்ப வலிக்குமா சிஸ்டர்?”

“எறும்பு கடிச்ச மாதிரிதான் சார்.”

“எந்த எறும்பு? சின்னதா, கட்டெறும்பா?”

நர்ஸ் போய் ஒரு டம்ளர் ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தாள். மடக் மடக்கென்று குடித்தார். மனைவி கைக்குட்டையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். இவளை விட்டுத் தன்னால் ஒருநாளும் இருக்க முடியாது என்று நினைத்தார்.

நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். “இப்ப பரவாயில்லையா சார்?”

“பரவாயில்ல. ஆரம்பிச்சிடலாம்” என்றார், ஏதோ போருக்குக் கிளம்புகிறவர் மாதிரி.

“அப்ப எந்திரிங்க சார். அம்மா உக்காரட்டும்.”

வாத்தியார் அவசரமாக எழுந்து நாற்காலியைத் தட்டிவிட்டார். மனைவி சாவியை அவர் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்துகொண்டு இடக்கையை நர்ஸிடம் நீட்டினாள். உறையைப் பிரித்து ஊசியை வெளியே எடுக்கும் சத்தம் கேட்டதும், அருகில் குனிந்து நின்றவரின் கண்களை வலக்கையால் பொத்தினாள்.

அந்தக் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

எத்தனை நாளாக இப்படி நடுங்குகிறதோ! வாத்தியார் அதை மெல்ல விலக்கி, தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கியது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.