மானியம் வேண்டாம்மா!

"பேசாம விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடுங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் பட்டறைக்காரிக்கு எரிச்சலாக இருந்தது. மானியம் உண்டா இல்லையா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று, பட்டறையைப் பூட்டிவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் ஓடிவந்திருந்தாள் அவள்.

அவள் செய்வது மூன்று சக்கரச் சரக்கு வண்டி. பெட்ரோலும் வேண்டாம், டீசலும் வேண்டாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியை டிபன் கேரியர் மாதிரி கழற்றி எடுத்துப்போய் வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். மார்க்கெட்டில் பன்னிரண்டு காய்கறி வியாபாரிகள் ஆளுக்கு ஒன்று கேட்டிருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் வண்டி கைக்கு வராவிட்டால் டீசல் வண்டி வாங்கிக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள். வண்டிகள் தயார், பேட்டரி வாங்கத்தான் பணமில்லை.

அந்த அலுவலகத்தில் இவருக்குக் 'கையெடு சார்' என்று பெயர். அரசாங்கம் எல்லாவற்றிலிருந்தும் கையை எடுக்க வேண்டும் என்று அரசாங்க நாற்காலியில் சாய்ந்து, அரசாங்க ஃபேன் காற்று வாங்கிக்கொண்டே முப்பத்து நாலு வருஷம் பேசியவர். போன மாதம் பட்டறைக்குச் சோதனைக்கு வந்தபோதும் அப்படித்தான். இருநூறு கிலோ வெங்காயத்தோடு வண்டியை மேம்பாலத்தில் தானே ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் நின்றுகொண்டே இதைப் பேசிவிட்டுப் போனார்.

"ஏன் சார், வண்டி பிடிக்கலையா?"

"வண்டி பிரமாதம்மா! அதனாலதான் சொல்றேன். இன்னிக்கு மானியம் வாங்குனா, நாளைக்கு வண்டிக்கு என்ன கலர் அடிக்கணும், எத்தனை போல்ட்டு போடணும், யாருக்கு விக்கணும்னு இங்கேர்ந்து ஓலை வரும். நீங்க பேட்டரியைப் பார்ப்பீங்களா, ஃபாரம் பூர்த்தி பண்ணுவீங்களா?"

டீ கொண்டுவந்தவர் மேஜை மேஜையாகக் கிளாஸ் வைத்துக்கொண்டு வந்தார். இந்த மேஜையை மட்டும் தாண்டிப் போனார். பேசிப் பேசி அந்த மனுஷனுக்கும் காது புளித்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்போ காசு வானத்துல இருந்து கொட்டுமா சார்?"

"கொட்டாது. யாராவது விரும்பிப் போடணும். ஊரார்கிட்ட வரி வாங்கி இல்ல, தானே யோசிச்சு, தன் பையில இருந்து எடுத்துப் போடணும். ஜெயிச்சா ரெண்டு பேருக்கும் லாபம். தோத்தா போட்டவன் மட்டும் கையைச் சுட்டுக்குவான், அடுத்தவனுக்கு நஷ்டமில்ல."

அவருக்குச் சூடு பிடித்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பேட்டரியில இன்னும் கண்டுபிடிக்க வேண்டியது மலையா குவிஞ்சு கிடக்கும்மா. அதை இந்த மேஜையில உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. உங்களை மாதிரி கையில கரி ஒட்டினவங்கதான் கண்டுபிடிக்கணும், அதுவும் யாரையும் கேட்காம! மாடியில சோலார் போட்டு, தன் வண்டிக்குத் தானே கரண்ட் எடுத்துக்கிறவன் எவனுக்கும் சலாம் போட வேண்டாம் பாருங்க. காசு போட இதைவிட நல்ல இடம் எங்க இருக்கு?"

"நல்லாத்தான் பேசறீங்க. காசு உள்ளவங்க நாலு பேரைப் பார்த்துட்டேன் சார். முதல்ல நூறு வண்டி ஓடட்டும், அப்புறம் வாங்கன்னார் ஒருத்தர். வீட்டுக்காரர் வரலையான்னு கேட்டார் இன்னொருத்தர். நீங்க ஒருத்தர்தான் ஏறி ஓட்டிப் பார்த்தீங்க. அந்த தைரியத்துலதான் வந்தேன்." கையிலிருந்த ஃபைலை மேஜைமேல் வைத்தாள். "சுத்தி வளைக்காம சொல்லுங்க. மானியம் வருமா, வராதா?"

"அது என் கையில இல்லம்மா."

அவ்வளவுதான், அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எழுந்தே நின்றுவிட்டாள்.

"எந்த ஆபீசுக்குப் போனாலும் இதே பாட்டுத்தானா? மத்தவங்க காசு போடணும்னு வாய் கிழியப் பேசறீங்களே, நீங்க போடுவீங்களா? உங்க சொந்தக் காசுல பத்து பைசா என் பட்டறையில போடுவீங்களா சார்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவர் முகம் மலர்ந்தது. கைப்பையைத் திறந்து ஒரு கவரை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினார்.

உள்ளே அவள் பட்டறையின் பேரில் ஒரு காசோலை. தொகையை இரண்டு தரம் படித்தாள். பன்னிரண்டு வண்டிக்கும் பேட்டரி வாங்கலாம், அதற்கு மேலும் மிஞ்சும். கண் கலங்கி எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தது.

"பத்துல ஒரு பங்கு எனக்குப் போதும். லாபம் வந்தா கொடுங்க" என்றார். "விண்ணப்பத்தை விடறதும் வச்சுக்கறதும் உங்க இஷ்டம். அதுல நான் கட்டாயப்படுத்தினா, இத்தனை நேரம் பேசினதுக்கு அர்த்தமே இல்ல."

சந்தோஷத்தில் கையெடுத்துக் கும்பிடப் போனவளுக்குச் சட்டென்று எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. அவசர அவசரமாகக் கவரை ஃபைலுக்கு அடியில் தள்ளி மூடிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்தாள்.

"ஐயையோ, என்ன சார் இது! மானியம் கேட்டு வந்தவகிட்ட அதிகாரியே பங்கு கேக்கலாமா? யாராவது பார்த்தா உங்க வேலை போயிடும்!"

அவர் நாற்காலியை விட்டு எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னிக்கு நீங்க வருவீங்கன்னுதான் இங்க வந்து உட்கார்ந்தேன். நான் நேத்து சாயங்காலமே ரிட்டயர் ஆயிட்டேன்ம்மா!"