பதினாலு ஊசி

"அந்தக் கை உதறுற பொண்ணு மட்டும் வேண்டாம் சிஸ்டர். வேற யாரையாவது அனுப்புங்க."

மூன்றாம் கட்டிலும் சொல்லிவிட்டது. முதல் கட்டிலும் இரண்டாம் கட்டிலும் ஏற்கெனவே சொல்லியாயிற்று. ரத்தம் எடுக்க வந்த மருத்துவ மாணவி, டிரேயும் கையுமாக நடு வார்டில் நின்றாள். கூடப் படிக்கிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயரே 'உதறல்'தான். ஊசியைக் கையில் எடுத்தால் போதும், விரல்கள் தன் பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

பையில் ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தாள். படிப்பை விட்டு விலகுகிறேன் என்று முதல்வருக்கு எழுதியது. தேதி ஒன்றுதான் போடவில்லை.

"இங்க வாங்க டாக்டரம்மா" என்று ஏழாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். முந்தின நாள்தான் பக்கவாதத்தில் இடது கை விழுந்து வந்து சேர்ந்திருந்தார். ரத்தத்தை இளக்க மாத்திரை கொடுப்பதால் அவருக்குத் தினமும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இடது கையையே குத்தச் சொன்னார். வலது கையைத் தொடவே கூடாதாம், சாப்பிட அது ஒன்றுதான் பாக்கியாம்.

குத்தினாள். நரம்பு நழுவியது. உள்ளேயே ஊசியைத் திருப்பித் துழாவினாள். மாஸ்டர் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்தபடி, கார் பழக வந்து மாமனார் வீட்டு கேட்டிலேயே மோதிய ஒரு புது மாப்பிள்ளையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வலிச்சுதா மாஸ்டர்?"

"அட, குத்திட்டீங்களா? உங்க கை பூ மாதிரி டாக்டரம்மா."

அன்றைக்கு அவள் கடிதத்தில் தேதி போடவில்லை. மறுநாளும் போடவில்லை.

தினம் காலையில் முதல் வேலையாக ஏழாம் கட்டிலுக்குப் போனாள். இத்தனைக்கும் சிஸ்டர் இடுப்பில் ஊசி போட வந்தால், வார்டே அதிரக் கத்துகிற ஆள் அவர். அனுபவசாலி சிஸ்டருக்கே அந்தக் கத்தல் என்றால், தன் கை எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. அம்மாவுக்குப் போன் போட்டு, என் கை பூ மாதிரியாம் என்று பீற்றிக்கொண்டாள். உதறலும் எப்போதோ சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தது. மூன்றாம் கட்டில்காரரே அந்தப் பொண்ணையே அனுப்புங்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

பதினாலாம் நாள் கேன்டீனில் இந்தப் பெருமையைக் கேட்டு, வகுப்பில் முதல் ஆளான 'மெடல்' விழுந்து விழுந்து சிரித்தான்.

"லூசு, அந்தக் கைல உணர்ச்சியே கிடையாது. கட்டையக் குத்தினா கட்டை கத்துமா? அவர் என்னோட கேஸ். தினம் நான்தானே எழுதறேன்."

கையோடு கொண்டுவந்திருந்த கேஸ் ஷீட்டைத் திறந்தும் காட்டினான். முதல் நாள் பக்கத்தில், இடது கையில் தொடு உணர்வு இல்லை என்று விரிவாக இருந்தது. அதற்கடுத்த நாளெல்லாம் முத்து முத்தான எழுத்தில் 'நேற்றுப் போலவே'.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வாரமாக ஒரு மரக்கட்டையைக் குத்திவிட்டா அம்மாவிடம் அவ்வளவு பீற்றிக்கொண்டோம் என்று மானம் போயிற்று. அங்கேயே கடிதத்தை எடுத்துத் தேதியைப் போட்டாள்.

மெடலுக்கு லைப்ரரிக்கு நேரமாகிவிட்டது. மாஸ்டர் நாளைக்கு வீட்டுக்குப் போகிறார், இன்றைக்கும் 'நேற்றுப் போலவே' என்று நீயே எழுதிவிடு என்று ஷீட்டை அவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

தொட்டுப் பார்க்காமல் எழுத அவளுக்கு வராது. போகிற போக்கில் இது ஒன்றையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று பஞ்சை எடுத்துக்கொண்டு ஏழாம் கட்டிலுக்குப் போனாள்.

"கண்ண மூடிக்குங்க மாஸ்டர். பஞ்சால தொடுவேன். தெரிஞ்சா சொல்லுங்க."

மாஸ்டர் அவளுடைய அழுத முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கேஸ் ஷீட்டையும் பார்த்தார். பிறகு சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

இடது முன்கையில் தொட்டாள்.

"தெரியல."

மணிக்கட்டில் தொட்டாள்.

"தெரியல."

கட்டை விரலில் தொட்டாள்.

"ம்ஹூம், தெரியல."

அவள் கை அந்தரத்தில் நின்றது. எங்கேயும் தொடாமல் மனதுக்குள் இருபது வரை எண்ணினாள். மாஸ்டர் வாயே திறக்கவில்லை. சுண்டு விரல் நுனியில் பஞ்சைப் பட்டும் படாமல் வைத்தாள்.

"தெரியல" என்றார் உடனே.

"நான் தொட்டது தெரியலன்னா, தொடும்போது மட்டும் கரெக்டா எப்படி மாஸ்டர் பதில் சொல்றீங்க?"

மாஸ்டர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் அசடு வழிந்தது. சேர்ந்த மறுநாள் விடியும்போதே உணர்ச்சி திரும்பிவிட்டதாம். அப்புறம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அப்ப பதினாலு ஊசியும்...?"

"வண்டி பழகுறவங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு நாம கத்தினா, அவங்க பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டர மிதிச்சிருவாங்க டாக்டரம்மா. முப்பது வருஷமா பல்லக் கடிச்சுப் பழகிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கண்ணைத் துடைக்கப் பையில் கைவிட்டால் அந்தக் கடிதம்தான் அகப்பட்டது. அதிலேயே துடைத்து, கசக்கி, குப்பைக் கூடையில் போட்டாள்.

"அப்ப என் கை பூ மாதிரின்னு நீங்க சொன்னது பொய்தானே?"

மாஸ்டர் இடது கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"முதல் ஒரு வாரம் பச்சைப் பொய். உயிர் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. இன்னைக்குக் காலைல குத்தினீங்க பாருங்க, அதுதான் நிஜமாவே தெரியல."