செம்மஞ்சள் சட்டை

1986. லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் வந்த செல்வரத்தினம், மனைவியுடன் எழுவைதீவைச் சுற்றிப்பார்க்க வள்ளம் ஏறினார். மீனாம்பிகைக்குச் செம்மஞ்சள் மிதவைச் சட்டையை மாட்டி, நாடாவைக் கட்டிவிட்டுத் தானும் ஒன்றை அணிந்தார். மூன்றாவதை வள்ளக்கார ஏரம்புவிடம் நீட்டினார்.

"இந்த நிறம் வேண்டாம் தம்பி. ஆமியின்ரை ஹெலி வந்தால் தூரத்திலையே தெரியும்."

"அதுக்குத்தானே அண்ணை போடுறது. அங்கை லண்டன் பக்கம் கடலுக்கை விழுந்த ஆக்களை ஹெலிதான் வந்து தூக்கும். கரை சேருமட்டும் ஒருத்தரும் கழட்டக்கூடாது."

ஏரம்பு சட்டையை வாங்காமலே வள்ளத்தை எடுத்தார்.

நடுக்கடலில் ஹெலியின் இரைச்சல் கேட்டது.

"எங்களைக் கண்டிட்டாங்களோ?" என்றாள் மீனாம்பிகை.

"ஓம் பிள்ளை. போன கிழமை என்ரை மச்சான்ரை வள்ளத்தையும் கண்டுதான் சுட்டவங்கள்."

செல்வரத்தினம் அதற்குள் தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் குந்திவிட்டார். மீனாம்பிகையின் சட்டைதான் கழறவில்லை. அதன் நாடாவில் அவர் போட்டது இரட்டை முடிச்சு.