கடைசிக் குமிழ்

பாட்டுக் குழுக்களுக்கு ஒலி அமைப்பது என் பிழைப்பு. மேடையேறும் ஒவ்வொருவனுக்கும் தன் சத்தம்தான் பெரிதாகக் கேட்க வேண்டும். கூட்டு, இன்னும் கூட்டு என்று உயிரை வாங்குவார்கள். அதனால் மிக்ஸரின் கடைசிக் குமிழுக்கு நான் எந்த ஒயரையும் மாட்டுவதில்லை. யார் நச்சரித்தாலும் அதைத் திருகிக் காட்டுவேன். உடனே முகம் மலர்ந்துவிடும்.

அன்று தரைக்குக் கீழே ஒரு சின்ன அரங்கு. சொந்தப் பாட்டுப் பாடும் ராக் குழு, மூன்று பேருமே ஆண்கள். முதல் பாட்டு முடிந்ததுமே கிதார்காரன் மைக்கில் ஆரம்பித்துவிட்டான்.

“அண்ணா, என் கிதார் எனக்கே கேக்கல.”

கடைசிக் குமிழைத் திருகினேன்.

“கிதார் ஓகே. ஆனா கூடப் பாடற அக்கா சத்தம் ரொம்ப ஏறிடுச்சு. கொஞ்சம் குறைங்க.”

மேடையில் எந்த அக்காவும் இல்லை. வம்பு எதற்கு என்று அதே குமிழைத் திருகிக் குறைத்தேன். கட்டைவிரலை உயர்த்தினான். டிரம்ஸ்காரனும் நிம்மதியாகத் தலையாட்டினான்.

மிக்ஸரின் பின்னால் கைவிட்டுத் தடவினேன். கடைசிக் குமிழுக்கான துளை ஒயர் இல்லாமல் காலியாகத்தான் இருந்தது. ஹெட்போனை மாட்டி, அந்தக் குமிழின் சத்தத்தை மட்டும் கேட்டேன். ஒரு பெண் தொண்டையைச் செருமினாள்.

“ஏன் அண்ணா குறைச்சீங்க? என் குரல் எனக்கே கேக்கல. கொஞ்சம் கூட்டுங்களேன்.”

இவளுமா என்று தலையில் அடித்துக்கொண்டேன். பழக்கதோஷத்தில் கை கடைசிக் குமிழுக்குப் போய், பாதியிலேயே நின்றது. அதைத் திருகினால் நிஜமாகவே கூடிவிடும். அவளை ஏமாற்ற என்னிடம் வேறு குமிழ் இல்லை.